ஒரே அளவுகோல்

மொரிஸ் மைனர் காரின் பொனட்டை மேலிருந்து பார்த்தால், நடுவில் முன்னிருந்து பின்வரை தட்டையான பட்டை ஒன்று ஓடுவது தெரியும். இரண்டு பக்கமும் உருண்டு இறங்க, அந்தப் பட்டை மட்டும் மட்டமாக நிற்கும். 1947இன் கடைசியில், காரின் வடிவம் முடிவாகி உற்பத்தி வேலைகளும் நடந்துகொண்டிருந்தபோது, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுங்கலாகப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். அதை மூடத்தான் பொனட்டின் நடுவில் அந்தப் பட்டை வந்தது. பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்ததால், ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் நடுவே வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது.

அந்த நான்கு அங்குலம் என் மேசையில் 3.2 மில்லிமீற்றர். எயார்ஃபிக்ஸ் கம்பனி 1960களில் வெளியிட்ட 1/32 அளவு மொரிஸ் மைனர் பெட்டியைத் திறந்து, பொனட்டின்மேல் அச்சு விட்ட கோட்டைத் தேய்த்து எடுக்கும்போது என் விரல் முதலில் தேடுவது அந்தப் பட்டையின் இரண்டு ஓரங்களையும்தான். மணல்தாளைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் ஓரம் மழுங்கிப்போகும். கார் காராகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மனிதர் கடைசி நேரத்தில் மனம் மாறியதற்கான அடையாளம் அதிலிருந்து போய்விடும். கிட் கட்டுகிறவன் காக்க வேண்டியது இப்படிப்பட்ட அடையாளங்களை. அளவு சரியாக இருந்தால் வரலாறு தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கிட் என்பது துண்டு துண்டாக வரும் கார். சட்டம் சட்டமாக வார்த்த பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் கதவு, இருக்கை, அச்சு, எஞ்சின், ஸ்டியரிங் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முழுக் காராக்க வேண்டும். அளவுகளுக்கும் ஒரு குடும்ப வரலாறு உண்டு. 1/24 என்றால் அசலின் ஓர் அடிக்கு இங்கே அரை அங்குலம். 1/32 என்றால் ஓர் அடிக்கு எட்டில் மூன்று அங்குலம். 1/72 என்றால் ஆறடிக்கு ஓர் அங்குலம். 1/43 விளையாட்டு ரயிலிலிருந்து வந்தது: பிரித்தானியாவின் ஓ கேஜ் ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தப் பொருத்தமான கார்கள் அந்த அளவில் பிறந்தன. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஏஎம்டி கம்பனி, கார் விற்பனை நிலையங்களுக்காகச் செய்த காட்சி மாதிரிகளின் வழியே 1/25ஐப் பரப்பியது. அங்கேயே ரெவல் கம்பனி 1950களின் தொடக்கத்தில் ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற பெயரில் பழங்காலக் கார்களை 1/32இல் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தமியா, மரப் பொம்மைகளில் கைவைத்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939இல் லண்டனில் தொடங்கிய எயார்ஃபிக்ஸ், காற்றடைத்த ரப்பர் பொம்மையும் தலைவாரும் சீப்பும் செய்துகொண்டிருந்த கம்பனி. ஃபெர்குசன் டிராக்டருக்காக ஒரு விளம்பர மாதிரி செய்து கொடுக்கப்போய்தான் அது கிட் உலகத்துக்குள் வந்தது. டிராக்டரில் தொடங்கிய கதை என்பதால் தோட்டத்துப் பையனான எனக்கு அந்தக் கம்பனிமேல் தனிப் பிரியம்.

பதுளை மாவட்டத்தின் தென்சரிவில், அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் நான் வளர்ந்தேன். அப்பா, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் லொறிக்குக் கிளீனர். பிறகு தோட்டத்து கராஜில் கையாள். எங்கள் பக்கத்துக்குக் கிட் பெட்டிகள் வந்தது துரைமார் பங்களாக்கள் வழியாக. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட 1975இன் திருத்தமும் வந்தபோது, வெள்ளைக்காரத் துரைமாரில் எஞ்சியிருந்தவர்களும் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனார்கள். நாற்காலி, கிராமபோன், மீன்பிடித் தூண்டில், புத்தகம் எல்லாம் பங்களா வேலைக்காரர்கள் கைக்கு வந்தன. அப்படி வந்த சாமான்களில் பிள்ளைகள் பாதி ஒட்டி விட்டுப்போன கிட் பெட்டிகளும் இருந்தன. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி இறுக்கமாக இருந்தது. கடையில் விளையாட்டுச் சாமான் வாங்குவதெல்லாம் நினைக்க முடியாத காரியம். 1977க்குப் பிறகு சந்தை திறந்ததும் புறக்கோட்டைக் கடைகளில் புதுப் பெட்டிகள் தலைகாட்டத் தொடங்கின.

நான் பிழைப்புக்கு எடுத்த தொழில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பது. பண்டாரவளைப் பக்கத்து கராஜ்களில், நெளிந்த தகட்டைத் தட்டி நேராக்கும் டிங்கர் பாஸ்மாருக்குப் பின்னால் நின்று பழகினேன். பகலில் அசல் மொரிஸ் மைனர், இரவில் சின்ன மொரிஸ் மைனர். கடைசியில் சின்னதுதான் சோறு போட்டது: கொழும்பிலுள்ள சேகரிப்பாளர்கள் தங்கள் பழைய கிட்களைப் பழுதுபார்க்கவும் கட்டவும் கொடுத்தார்கள், வெளிநாட்டில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் தங்கள் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியைக் கேட்டார்கள். இலங்கையில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் இங்கே ரோட்டில் ஓடுகிறது. மொரிஸ் மைனரை நம் பாஸ்மார் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். 1990களில் பிரித்தானிய மொரிஸ் மைனர்களுக்கான உதிரிப்பாகங்களே இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. கிட்டிலுள்ள ஒரு கைப்பிடியின் வளைவில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தேட வேண்டாம்; அளக்கும் நாடாவோடு கராஜுக்குப் போனால் போதும்.

அந்த நாடா ஒன்றைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது இங்கிலாந்துக் கடைவாசலில் நிற்கும் கார். பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை வழியாகத் தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கும் ரோட்டில் ஓடியது வேறு கார். கூரையில் சாமான் கட்டும் இரும்புச் சட்டம். பின்சக்கரத்து மட்கார்டுக்குள் காய்ந்த செம்மண். ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும் என்பதால் டிக்கியில் தண்ணீர் டின். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு கண்ணாடி ஓரத்தில் மங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்து ஸ்டோரில் யந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனிக்குப் பூசை போடும் சனம், வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் விடுமா? எயார்ஃபிக்ஸ் காரைத் தரும். காரின் வாழ்க்கையைக் கட்டுகிறவன்தான் தர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து நான் பெயின்ட் அடிப்பதில்லை.

நம்பர் தகட்டிலும் அதே கவனம் வேண்டும். 1957க்கு முன் பதிந்த காருக்கு ஆங்கில எழுத்துகள். அந்த ஆண்டிலிருந்து பதிந்த வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து. அந்த ஓர் எழுத்தை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் போராட்டம் நடந்தது. 1958இல் தார் பூசலும் பதில் தார் பூசலும் கலவரம்வரை போயின. மூன்று அங்குலம் உயரமான எழுத்து 1/32இல் 2.4 மில்லிமீற்றர். ஒற்றை மயிர்த் தூரிகையால் அதை எழுதும்போது, எந்த ஆண்டு வண்டியைக் கட்டுகிறேன் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வேன். பிடித்த எழுத்து, பிடிக்காத எழுத்து என்று பார்த்தால் தகடு பொய்யாகிவிடும்.

இனிக் கைவேலை. பழைய கிட் கட்டுவதில் பாதி வேலை, அந்தக் காலத்து அச்சின் குறைகளைத் தீர்ப்பது. அச்சு தேயத்தேய இரண்டு பாதிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கசிந்து, பாகங்களின் ஓரத்தில் சவ்வுபோல் நிற்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். தடித்த இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும். அங்கே புட்டி வைத்து, 400ஆம் நம்பர் தாளில் தொடங்கி 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அசல் வாகனத்துக்கு டிங்கர் பாஸ் செய்யும் அதே வேலைதான். கிட்டுக்கு விரல் நுனி போதும், பொறுமை கூட வேண்டும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகோல் மாதிரிப் பசை உதவாது. கிட்டுக்கான சிமெண்ட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இரண்டு விளிம்புகளும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து இறுகும். அதனால் அது ஒட்டு என்பதைவிட வெல்டிங். தண்ணீர்போல் ஓடும் மெல்லிய சிமெண்டைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், இடுக்குக்குள் தானாக இழுத்துக்கொள்ளும். பழைய டியூப் பசை தடிப்பானது; பாதி ஒட்டிய பெட்டிகளில் அந்தப் பசை வழிந்து உறைந்திருக்கும். அதை இழுத்துப் பிரித்தால் பாகம் உடையும். இணைப்பில் மெல்லிய ரம்பத்தை ஓட்டி அறுப்பதுதான் வழி. கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் சுப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.

பம்பரிலும் கிரில்லிலும் வரும் வெள்ளி முலாம் பழைய பெட்டிகளில் உரிந்திருக்கும். வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஊறப்போட்டால் முலாம் கழன்று வெறும் பிளாஸ்டிக் வரும். அதன்மேல் ஒட்ட வெளிநாட்டில் மெல்லிய உலோகத் தாள் விற்கிறார்கள். எனக்கு அது தோட்டத்திலேயே கிடைத்தது. பலகைப் பெட்டியில் தேயிலை அனுப்பிய காலத்தில், பெட்டியின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். அதைக் கண்ணாடிமேல் வைத்துக் கரண்டி முதுகால் நீவி, ஒட்டுப்பூசிச் சின்னக் கீற்றாக வெட்டினால், கண்ணாடி விளிம்புக்கும் கதவு ஓரத்துக்கும் அதைவிடப் பொருத்தமான மினுக்கு வேறில்லை.

பெயின்டை எங்கள் ஊவா மாகாணத்தின் காற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையில் எங்கள் சரிவு முழுக்க ஈரம். முகில் வீட்டுக்குள் வந்து போகும். அந்த நேரம் சீக்கிரம் காயும் லாக்கர் அடித்தால், அதன் கரைப்பான் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பெயின்ட் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை மலையைக் கடந்து வரும் கச்சான் காற்று வறண்டது. ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசனையைக் கொடுப்பது அந்த வறட்சிதான்; கொழுந்து அந்த மாதங்களில் மெதுவாக வளர்ந்து தன் சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும். பெயின்டும் அந்த மாதங்களில்தான் கண்ணாடி மாதிரிக் காயும். ஆகவே கிட் ஒட்டுவதெல்லாம் மழைக்காலத்தில், பெயின்ட் அடிப்பதெல்லாம் கச்சானில். தூசி மட்டும் எதிரி. சன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, பெயின்ட் அடித்த காரின் உடலைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைப்பேன். ஹம்ப்ரோல் எனாமல் 14 மில்லிலீற்றர் டப்பா ஒன்று சின்னக் காருக்குத் தாராளம். நிறத்தில் ஒரு சங்கதி உண்டு: அசல் காரின் நிறத்தை அப்படியே அடித்தால் சின்னக் காரில் அது அழுத்தமாகத் தெரியும். தூரத்தில் நிற்கும் காருக்கும் நமக்கும் நடுவே காற்று நிறத்தைத் தணிப்பதுபோல, நாமும் சொட்டு வெள்ளை கலந்து தணிக்க வேண்டும்.

மண்ணுக்கும் அளவு உண்டு. ரோட்டிலிருந்து அள்ளிய செம்மண்ணை அப்படியே தூவினால், ஒரு மில்லிமீற்றர் பருக்கை 1/32இல் மூன்று சென்றிமீற்றருக்கு மேலான கல்லாகிவிடும். மண்ணை அம்மியில் அரைத்து, வேட்டித் துணியில் சலித்து, துணி வழி விழுந்த தூளை மட்டும் எடுப்பேன். கொழுந்து பறிக்கும் மட்டத்தில் மூன்றடி உயரம் நிற்கும் தேயிலைச் செடி இங்கே 28.6 மில்லிமீற்றர். செடியடியில் கிடக்கும் சருகுக்குத் தேயிலைத் தூளே போதும்.

பெட்டிகளைச் சேர்த்து வைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் சொந்த டயர்தான். மென்மையான வினைல் டயரிலுள்ள எண்ணெய்ச் சத்து ஆண்டுக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ரிம்மை உருக்கிவிடும். பெட்டி வந்ததும் முதல் வேலையாக டயர்களைப் பிரித்துத் தனிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். மஞ்சளடித்த டெக்கால் தாளைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுத்து வரும். வெடிக்கும் பருவத்தில் இருந்தால் நனைப்பதற்கு முன் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். எங்கள் ஈரத்தில் அட்டைப் பெட்டிக்குப் பூஞ்சணம் வரும். இரும்பு அலுமாரியைவிட மர அலுமாரி நல்லது.

பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை என்பது சந்தையின் கணக்கு. அந்த விலையை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சுகள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்தவனுக்கு வேறு கணக்கும் தெரியும். எயார்ஃபிக்ஸ் 1981இல் நொடிந்தது. அதன் அச்சுகள் பாலிடாய் கைக்குப் போய், 1986இல் ஹம்ப்ரோலுக்கு மாறி, இந்த நூற்றாண்டில் ஹோர்ன்பியிடம் வந்தன. கைமாறும் இடமெல்லாம் பழைய பெட்டிகள் மறுபடி வெளிவந்தன. இங்கிலாந்தின் டிங்கி உலோகக் கார் அச்சுகளில் சில கல்கத்தாவுக்குப் போய் நிக்கி என்ற பெயரில் இந்தியப் பிள்ளைகளுக்குக் கார்களாயின. அச்சு கைமாறி ஓடுவது, அதிலிருந்து யாரோ ஒருவர் கட்டுவார் என்ற நம்பிக்கையில்தான். அரிதான ஒன்றிரண்டைப் பிரிக்காமல் காப்பது நல்லது. பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ள ஒரு மூலம் வேண்டும். மற்றதெல்லாம் கட்டப்பட வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

கிட்டே இல்லாத வண்டிகளும் உண்டு. எங்கள் வாழ்க்கையில் மிக முக்கியமான வண்டிக்கு உலகத்தில் எந்தக் கம்பனியும் அச்சு வெட்டவில்லை. அது கொழுந்து லொறி. காலையில் கொழுந்துச் சாக்கு, பின்னேரம் உர மூட்டை, பொங்கலுக்குச் சாமான், அவசரத்துக்கு நோயாளி என்று தோட்டத்தின் எல்லாப் பாரமும் அதில்தான். லேண்ட் ரோவருக்கு இத்தாலியின் இத்தலேரி 1/24இல் கிட் விட்டிருக்கிறது. பெட்போர்ட் இராணுவ லொறிக்குச் சின்ன அளவில் கிட் இருக்கிறது. பலகைக் கட்டுப் போட்ட எங்கள் லொறிக்கு ஒன்றும் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கையாலேயே கட்டினேன். சேசிஸின் நீளம், பலகைகளின் அகலம், பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி, பின்கதவுச் சங்கிலியின் கண்ணி என்று ஒவ்வொன்றையும் பழைய வண்டி ஒன்றில் அளந்து கொப்பியில் எழுதினேன்.

அந்த லொறி ஏற்றிய பாரங்களில் ஒன்றைச் செய்யும்போது கை தடுமாறும். 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அப்புத்தளை, பண்டாரவளை ஸ்டேசன்களுக்குக் குடும்பங்களையும் தகரப் பெட்டிகளையும் ஏற்றிப்போனது அந்தக் கொழுந்து லொறிகள்தான். அங்கிருந்து ரயில், தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம். என் அப்பா கிளீனராக நின்று ஏற்றிவிட்ட பெட்டிகளில் எங்கள் உறவுகளின் பெட்டிகளும் உண்டு. தகரப் பெட்டியின் பூட்டுப் பட்டையை 1/32இல் செய்ய அரை மில்லிமீற்றர்க் கீற்று வேண்டும். செய்கிறேன். லொறி இருந்து பாரம் இல்லாவிட்டால் அது எங்கள் லொறி ஆகாது.

இப்படி வண்டிகளை மட்டுமே அளந்துகொண்டிருந்த என்னை வீடுகளை அளக்க வைத்தது மீரியபெத்த.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறிய மலை காலையில் இறங்கியது. கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த டிவிசனின் லயங்கள், காம்பரா என்ற ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற கட்டடங்கள், மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்; திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. முப்பதுக்கு மேற்பட்டோரை மலை எடுத்துக்கொண்டது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, சனத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலிருந்தே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பிறகு மாக்கல்தெனிய தேயிலை ஸ்டோரிலும் தங்கினார்கள். புது வீடுகள் கைக்கு வர 2016 ஆனது.

மண்ணோடு போனவற்றில் படங்களும் உண்டு. கலியாணப் படம், அடையாள அட்டைக்கு எடுத்த படம், பள்ளிக்கூடக் குழுப் படம். வீட்டையே தனியாக எடுத்த படம் யாரிடமும் இருந்ததில்லை. லயத்தைப் படமெடுக்க வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? என் வேலையை அறிந்த ஒரு தாயார், “தம்பி, காரு செய்றீங்களே, எங்க லயத்தச் செஞ்சு தருவீங்களா?” என்று கேட்டார். அளவு வேண்டுமே என்றேன். அவர்களிடம் அளவு இருந்தது. அடியிலும் அங்குலத்திலும் இல்லாமல் உடம்பில் இருந்தது. “கட்டில் போட்டா கதவு பாதிதான் தொறக்கும்.” “எங்க அப்பா இஸ்தோப்புல நிமிந்து நின்னா தகரத்துல தலை தட்டும், அம்மாவுக்குத் தட்டாது.” “பீலியில தண்ணி எடுத்துக்கிட்டு வந்தா நாலாவது காம்பராவுல கொடத்தத் தோள் மாத்துவேன்.” கட்டிலின் நீளம் தெரியும், மனிதரின் உயரம் தெரியும், நடையின் அடி தெரியும். அவற்றை வைத்துக் கணக்குப் போட்டேன். பிறகு அதே காலத்தில் கட்டிய லயங்கள் இன்னும் நிற்கும் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் நாடா பிடித்துச் சரிபார்த்தேன். உடம்பு சொன்ன அளவும் நாடா சொன்ன அளவும் அநேகமாக ஒத்துப்போயின.

மண்சரிவை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது வீடு. ஆறு காம்பரா கொண்ட ஒரு வரிசையைக் கட்டினேன். பத்தடிக் காம்பரா ஆறும் சேர்ந்து 57 சென்றிமீற்றர் நீளம். தகரக் கூரைக்கு மெல்லிய அலுமினியத்தைப் பல்லுள்ள உருளையில் ஓட்டி நெளிவெடுத்தேன். புகையால் கறுத்த சுவரின் மேல்பகுதி, வாசலில் நட்ட செவ்வந்தி, இஸ்தோப்பு என்ற முன் விறாந்தையின் ஓரத்தில் அடுக்கிய விறகு எல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல வைத்தவை. ஒரு சிறுமி, பூனை எந்தப் படியில் படுக்கும் என்று சொன்னாள். பூனையும் படியில் இருக்கிறது.

நான் கட்டுவதெல்லாம் 1/32 என்பதால் லயத்தையும் அதே அளவில் கட்டியிருந்தேன். ஒரு வேலை முடிந்து மேசையை ஒதுக்கும்போது மொரிஸ் மைனரை அந்த லயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தோட்டத்து லயக் காம்பராவின் வழமையான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. 1/32இல் 95 மில்லிமீற்றருக்கு 114. மொரிஸ் மைனரின் நீளம் பன்னிரண்டடி நான்கு அங்குலம். 1/32இல் 117.5 மில்லிமீற்றர். பிரித்தானியாவின் மிகச் சின்னக் குடும்பக் கார்களில் ஒன்று, எங்கள் குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, செத்த காம்பராவுக்குள் நீளவாட்டில் நுழையாது.

இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லயத்தில் பிறந்து, மொரிஸ் மைனரைக் கழுவி, பெயின்ட் அடித்து, சின்னதாகவும் கட்டி வாழ்ந்த எனக்கே இரண்டையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது. காருக்குச் சொந்தக்காரரான சின்னதுரையோ பெரிய கிளாக்கரோ டாக்டரோ அதை நிறுத்திக் கதவு சாத்திய கராஜ் எதுவானாலும், காரைவிட நீளமானதாகத்தான் இருந்திருக்கும். அதாவது எங்கள் வீட்டைவிட நீளமானதாக. லயத்தைப் பற்றி அறிக்கைகளும் ஆய்வுகளும் நிறையச் சொல்லியிருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு என்ற எண்ணும் அவற்றில் இருக்கிறது. எண்ணைப் படிக்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போவார். காரையும் காம்பராவையும் ஒரே மேசையில் பார்த்தவர் அந்த இடத்திலேயே நின்று விடுகிறார். நான் வைத்துக் காட்டிய எல்லோரும் நின்றார்கள். சிலர் காரைக் கையில் எடுத்துக் காம்பராவுக்குள் நுழைத்துப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பழைய கார் கிட் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். உங்கள் தாத்தா ஓட்டிய ஒஸ்டினோ மொரிஸோ கட்டித் தருவேன். கூடவே தாத்தா இரவில் படுத்த காம்பராவையும் அதே அளவில் கட்டுவேன். காருக்கு மட்டும் காசு கொடுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை. டிரைவரின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா ஓட்டிய காரின் பெருமையும் வேண்டும், அதைக் கழுவி நிறுத்திவிட்டு எந்த வாசலுக்கு நடந்து வந்தார் என்பதும் தெரிய வேண்டும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் இளம் பிள்ளைகளுக்கு என் தொழில்முறைப் புத்தி இவ்வளவுதான். 1/32ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், காரும் லொறியும் மனிதரும் வீடும் ஒரே மேசையில் அடங்க அது வசதியான அளவு. முதல் பெட்டி மலிவானதாக, மறுவெளியீடாக இருக்கட்டும். அச்சுக் கோட்டைத் தேய்க்கவும் சிமெண்டைக் குறைக்கவும் அதில் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது வண்டியை உங்கள் ஊர் ரோட்டு வண்டியாக்குங்கள். அதற்கு முன்னே ஒரு நாடாவும் கொப்பியும் வாங்குங்கள். பழைய லயங்கள் இடிந்துகொண்டு வருகின்றன, சில இடங்களில் அவற்றின் இடத்தில் தனி வீடுகள் எழுகின்றன. எழத்தான் வேண்டும், ஒரு குடும்பம்கூட இனி அந்தக் காம்பராவில் இருக்கக் கூடாது. ஆனால் இடிக்கும் முன் அளந்துகொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, தண்ணீர் பிடிக்கும் பீலி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், லொறி நின்ற கொட்டில் என்று எல்லாவற்றையும் அளந்து, தேதி போட்டு, தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் எழுதி வையுங்கள். மீரியபெத்தவில் அளவுகளைச் சொல்ல மனிதர்கள் மிஞ்சினார்கள். எல்லா இடத்திலும் அப்படி மிஞ்சுவார்கள் என்று சொல்ல முடியாது. மொரிஸ் மைனரின் நான்கு அங்குலத்தை உலகம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஞாபகம் வைத்திருக்கிறது. எங்கள் பத்தடியையும் பன்னிரண்டடியையும் ஞாபகம் வைக்கும் வேலையை வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.